கேளுங்க சொல்றேன்: முகவரி கேக்கற போலீஸும் ஓட்டு கேக்கற தலைவரும்

ரெண்டு வாரம் முன்னாடி இந்தப் பக்கத்துல ஒரு கேள்விக்கு, "ஒரு ஊர் போலீஸ் எப்படின்னு தெரியணும்னா ராத்திரி 2 மணிக்கு பிளாட்பாரத்துல படுத்திருக்கறவரைக் கேளுங்க"ன்னு போறபோக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதோட பலன் இந்த வாரத் தபால் மூட்டை. பாராட்டினவங்க கொஞ்சம், திட்டினவங்க நிறைய. சினிமா கேள்வி அனுப்பினவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கே: போலீஸ், அரசியல்வாதி ரெண்டு பேர்ல ஜனங்க யாரை அதிகமா நம்பறாங்க?

ப: சந்தேகமே வேணாம், போலீஸைத்தான். ஓஇசிடிங்கற, பெரும்பாலும் பணக்கார நாடுங்க சேர்ந்த அமைப்பு 2023-ல 30 நாட்டுல எடுத்த சர்வேல போலீஸ் மேல நம்பிக்கை இருக்குன்னு சொன்னவங்க 63 சதவீதம், கோர்ட் மேல 54, பார்லிமென்ட் மேல 37, அரசியல் கட்சிங்க மேல வெறும் 24. நம்மளைத் தூக்கி லாக்கப்ல போடற அதிகாரம் உள்ளவரை நம்பறோம், நம்மகிட்ட வந்து கைகூப்பி நிக்கறவரை நம்பறதில்ல, விசித்திரம்தான். ஆனா இந்த மாதிரி சர்வே எல்லாம் போனும் நெட்டும் முகவரியும் இருக்கறவங்ககிட்டதான் போய்ச் சேரும். பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச்ல தூங்கறவரை எழுப்பி "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு நம்பறீங்க"ன்னு யாரும் கேக்கப்போறதில்ல. அவரை எழுப்பறது வேற ஆளு, வேற காரணத்துக்கு.

கே: முப்பது வருஷத்துக்கு மேல அரசு வேலை பார்த்தவன் நான். இன்னிவரைக்கும் எந்தப் போலீஸ்காரரும் என்னை ஒருமையில பேசினது கிடையாது. நாம ஒழுங்கா இருந்தா அவங்க ஏன் சார் தொந்தரவு பண்ணப்போறாங்க? (ஓய்வுபெற்ற அதிகாரி ஒருத்தர்)

ப: சந்தோஷம் ஐயா. ஆனா அந்த மரியாதை உங்க ஒழுக்கத்துக்குக் கிடைச்சதா இல்ல உங்க சட்டைக்கும் அடையாள அட்டைக்கும் கிடைச்சதான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ராத்திரி ஒருத்தரை நிறுத்தினதும் போலீஸ் கேக்கற முதல் ரெண்டு கேள்வி, எங்க இருக்கே, என்ன வேலை. இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாதவருக்கு மூணாவது கேள்வியே வராது, ஜீப்தான் வரும்.

இதுக்கு சட்டத்துலயே எடம் வச்சிருக்காங்க. இந்தியாவுல பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 109-னு ஒரு பிரிவு. ஒருத்தர் தன்னை மறைச்சுக்கிட்டு இருக்கார், ஏதோ குற்றம் பண்றதுக்காகத்தான் மறைஞ்சிருக்கார்னு நினைக்கக் காரணம் இருந்தா, ஒழுங்கா நடந்துக்குவேன்னு எழுதிக் குடுக்கற நன்னடத்தை ஜாமீன் பத்திரத்தை மாஜிஸ்திரேட் கேக்கலாம். 2024 ஜூலையில புதுச் சட்டம் வந்தப்ப நம்பர் 128 ஆச்சு, சரக்கு கிட்டத்தட்ட அதேதான். வீடு இருக்கறவர் இருட்டுல நின்னா காத்து வாங்கறார், வீடு இல்லாதவர் நின்னா ஒளிஞ்சிருக்கார். பத்திரம் போட நமக்கு மச்சான் வருவார், ஆபீஸ் நண்பர் வருவார். அவருக்கு யார் வருவா? பத்திரம் போடலன்னா உள்ளதான், அவர் ஒண்ணும் பண்ணாமலேயே.

டாம் டைலர்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் இந்த நம்பிக்கை விஷயத்தையே பல வருஷமா ஆராய்ஞ்சவர். போலீஸ், கோர்ட் சொல்றதை ஜனங்க எப்ப ஏத்துக்கறாங்கன்னு பார்த்தா, முடிவு தனக்கு சாதகமா வந்துச்சாங்கறதை விட, தன்னை மனுஷனா மதிச்சுப் பேசினாங்களா, தான் சொல்ல வந்ததைக் காது குடுத்துக் கேட்டாங்களாங்கறதுதான் பெருசா நிக்குதாம். அபராதம் கட்டிட்டுப் போறவன்கூட மரியாதையா நடத்தினா சமாதானமா போறான். உங்களுக்கு அந்த மரியாதை முப்பது வருஷமா கிடைச்சிருக்கு, அதான் நம்பறீங்க. உங்க நம்பிக்கை நியாயமானதுதான், ஆனா அது உங்க அனுபவம் மட்டும்தான் இல்லையா?

கே: வீடு இல்லாம இருக்கறது சட்டப்படி குற்றமா? (சட்டக் கல்லூரி மாணவி)

ப: நேரடியா "வீடு இல்லாதவன் குற்றவாளி"ன்னு யாரும் எழுத மாட்டாங்கம்மா, அவ்வளவு வெகுளியா சட்டம் எழுதறதில்ல. பொது இடத்துல தூங்காதே, உக்காராதே, கை நீட்டாதே, பொருளை வைக்காதேன்னு தனித்தனியா எழுதிடுவாங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா வீடு இல்லாதவர் உயிரோட இருக்கறதுக்கு மிச்சம் இருக்கறது நடந்துகிட்டே இருக்கறது மட்டும்தான்.

இதுல ரொம்ப தூரம் பயணம் பண்ணின சட்டம் இங்கிலாந்தோட 1824 அலைஞ்சு திரிவோர் சட்டம். நெப்போலியன் போர் முடிஞ்சு வந்த சிப்பாய்ங்களுக்கு வேலை இல்ல, வீடு இல்ல, பலர் தெருவுல கெடந்தாங்க. நாட்டுக்காக சண்டை போட்டவங்களுக்கு நாடு குடுத்த பதில், வெட்டவெளியில படுத்தா ஜெயில்! அதோட வாசகங்களைக் கப்பல்ல ஏத்தி காலனி நாடுகளுக்கும் அனுப்பிட்டாங்க, வெள்ளைக்காரன் போனதுக்கப்புறமும் அது மட்டும் போகல. ஆப்பிரிக்காவுல மலாவி ஹைகோர்ட் அதுல ஒரு பகுதி செல்லாதுன்னு சொன்னதே 2017-லதான். 2020 டிசம்பர்ல ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம், இந்த மாதிரி சட்டங்களை எல்லா நாடும் மாத்தணும் இல்ல எடுக்கணும்னு கருத்து சொல்லிச்சு. பிலிப்பைன்ஸ் 2012-லயே அலைஞ்சு திரியறதைக் குற்றப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. தாய்வீடான இங்கிலாந்துல 2022-ல ரத்து பண்றதுக்கு பார்லிமென்ட் ஓகே சொல்லியும், உடனே அமலுக்குக் கொண்டு வரல, இழுத்துகிட்டே போனாங்க.

இந்தியாவுல 1959 பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம், வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், முதல் தடவையே ஒரு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் பிச்சைக்காரர் இல்லத்துல அடைக்கலாம், திரும்பத் திரும்ப மாட்டினா 10 வருஷம் வரைக்கும். பத்து வருஷம்! டெல்லி ஹைகோர்ட் 2018 ஆகஸ்ட்ல டெல்லியைப் பொறுத்தவரைக்கும் இதோட முக்கியப் பிரிவுகளை எல்லாம் ரத்து பண்ணிட்டாங்க. சுவிட்சர்லாந்துல ஜெனிவா தெருவுல கை நீட்டின ஒரு ஏழைப் பொண்ணுக்கு 500 பிராங்க் ஃபைன், கட்ட முடியலன்னு அஞ்சு நாள் ஜெயில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021-ல அது தப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு.

எல்லாம் ஒரே திசையில போகுதுன்னு நினைச்சுடாதே. ஹங்கேரில 2018-ல அரசியல் சட்டத்தையே திருத்தி பொது இடத்துல வசிக்கறதைத் தடை பண்ணாங்க. அமெரிக்காவுல கிராண்ட்ஸ் பாஸ்னு ஒரு சின்ன ஊரு, பொது இடத்துல போர்வையை விரிச்சுப் படுத்தாலே அது கேம்ப் போட்டதா கணக்கு, ஃபைன். ஃபைனுக்கு அடுத்து ஜெயில். படுக்கப் போதுமான ஷெல்டரே இல்லாத ஊர்ல இது கொடூரமான தண்டனைதானேன்னு கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2024 ஜூன்ல 6-க்கு 3 மெஜாரிட்டியில, ஊர் போட்ட சட்டம் செல்லும்னு முடிஞ்சது. எதிர்த்து எழுதின நீதிபதி சோனியா சோட்டோமேயர், தூக்கங்கறது உடம்போட தேவை, குற்றம் இல்லன்னு எழுதினாங்க. நீ பரீட்சைக்குப் படிக்கறப்ப மெஜாரிட்டி தீர்ப்போட நிறுத்திடாம அந்த எதிர்த் தீர்ப்பையும் படி.

கே: அரசியல்வாதிகளுக்கு இவங்க மேல ஏன் அக்கறையே வர்றதில்ல?

ப: ஓட்டர் லிஸ்ட்ல பேரு இல்லாத ஆளு மேல அக்கறை வரணும்னா அது அரசியல்வாதி இல்ல, மகான். இத்தனைக்கும் சட்டம் கதவைத் தொறந்துதான் வச்சிருக்கு. இந்தியத் தேர்தல் கமிஷன் விதிப்படி வீடில்லாதவர் முகவரிச் சான்று குடுக்க வேணாம், தான் படுக்கற இடத்தை எழுதிக் குடுத்தா போதும், அதிகாரி ராத்திரில அங்க போய் ஒரு தடவைக்கு மேல பார்த்து நிஜமாவே அங்கதான் தூங்கறாரான்னு உறுதி பண்ணிப் பேரைச் சேர்க்கணும். இங்கிலாந்துலயும் தான் வழக்கமா இருக்கற இடத்தை எழுதிக் குடுத்துப் பதிவு பண்ணலாம். எழுத்துல எல்லாம் பிரமாதம். ஆனா ஒரு அதிகாரி ராத்திரி வந்து பார்க்கறதுக்கும் இன்னொரு அதிகாரி ராத்திரி வந்து விரட்டறதுக்கும் நடுவுல அந்த மனுஷன் ஒரே இடத்துல தூங்கி எழுந்திருக்கணும், அங்கதான் சிக்கல். இவங்க பேரைச் சேர்க்கச் சொல்லி மனு குடுத்த கவுன்சிலர் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு எழுதுங்க, போட்டோவோட போடறேன்.

கே: பெரிய மாநாடு, விளையாட்டு விழான்னா வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. அப்ப ரோட்டோரத்துல இருக்கறவங்களைக் கொஞ்ச நாளைக்கு வேற இடத்துக்கு மாத்தறதுல என்ன தப்பு? நாட்டு மானம் இல்லையா?

ப: "கொஞ்ச நாளைக்கு"ன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு கதை இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

தென் கொரியா, 1975. உள்துறை அமைச்சகம் 410-ஆம் நம்பர் உத்தரவுன்னு ஒண்ணு போடறாங்க. தெருவுல சுத்தறவங்களைப் பிடிச்சு இல்லங்கள்ல அடைக்கலாம், கோர்ட் வேணாம், விசாரணை வேணாம். புசான் நகரத்துல ஒரு முன்னாள் ராணுவக்காரர் நடத்தின இல்லம் இதுல பெருசு, பேரு சகோதரர் இல்லம் (பேரைப் பாருங்க). தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்க மானியம், அதனால தலை நிறைய வேணும். பிடிச்சுக் குடுக்கற போலீஸ்காரருக்கும் வேலைல நல்ல மார்க். 1986 ஆசிய விளையாட்டும் 1988 ஒலிம்பிக்ஸும் வருது, ஊரு சுத்தமா தெரியணும்னு மேலேர்ந்து வேற அழுத்தம்.

இப்படி ஏற்பாடு பண்ணிட்டா என்ன நடக்கும்? பிச்சைக்காரங்க தீர்ந்ததும் மத்தவங்களைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. சின்னச் சாமான் வித்தவங்க, மாற்றுத்திறனாளிங்க, தனியா நின்ன குழந்தைங்க. 1982-ல ஸ்கூல் விட்டு வீட்டுக்கு நடந்து போயிட்டிருந்த 14 வயசுப் பையனை நிறுத்தி, பையில ரொட்டி இருக்கே எங்க திருடினேன்னு கேட்டு அப்படியே கொண்டுபோய் உள்ள விட்டுட்டாங்க. அவனுக்கு வீடு இருந்துச்சு! வருஷக்கணக்கா உள்ளயே கெடந்து, பெரியவரானதுக்கப்புறம் அவரே வெளியில சொன்ன கதை இது. உள்ள அடி, கட்டாய வேலை, பாலியல் கொடுமை, சாவு.

1986 கடைசில ஒரு அரசு வழக்கறிஞர் மலைப்பக்கம் வேட்டைக்குப் போனவர், கிழிஞ்ச துணியோட ஆளுங்களைக் காவல் வச்சு வேலை வாங்கறதைப் பார்த்து விசாரிக்கப்போய்தான் 1987-ல விஷயம் வெடிச்சது. அதுக்கப்புறமும் மேலிடம் விசாரணையை ஓட விடல. நடத்தினவருக்குக் கையாடல் மாதிரி குற்றத்துக்காக ரெண்டரை வருஷம் ஜெயில், அவ்வளவுதான், ஆளுங்களை அடைச்சு வச்சதுக்காக இல்ல. அதுக்கு முன்னாடி அவருக்கு அரசாங்கப் பதக்கமே குடுத்திருக்காங்க. 2022-ல அந்த நாட்டு உண்மை கண்டறியும் ஆணையம் இதை அரசாங்கமே பண்ணின மனித உரிமை மீறல்னு ஒத்துக்கிட்டு, 657 பேர் செத்ததா கணக்கு சொல்லிச்சு. சுமார் 38,000 அட்மிஷன் நடந்த இடம்ங்க அது.

இதுல தனியா ஒரு வில்லன் இருந்தார்னு நான் சொல்ல வரல. அரசியல்வாதிக்கு ஊரு அழகா தெரிஞ்சா போதும், போலீஸ்காரருக்கு எண்ணிக்கை வேணும், இல்லக்காரருக்கு மானியம் வேணும், ரோட்டுல போறவங்களுக்குக் கண்ணுல படாம இருந்தா சரி. நாலு பேருக்கும் லாபம், அஞ்சாவது ஆளைக் கேக்க நாதி இல்ல. இப்பவும் 2024 ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி பாரிஸ்லேர்ந்து பஸ் பஸ்ஸா ஆளுங்களை வேற ஊருக்கு அனுப்பினாங்க, கேட்டா அரசாங்கம் ஒலிம்பிக்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னுச்சு. அது புசான் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா மானத்தைப் பத்திக் கேட்டீங்கல்ல, விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி ஒரு ஊரு யாரை ஒளிச்சு வைக்குதுங்கறதும் மானக் கணக்குலதான் வரும்.

கே: நேர்மையான அரசியல்வாதியை எப்படிக் கண்டுபிடிக்கறது?

ப: ஷெல்டருக்கு கேமரா இல்லாம போறாரான்னு பாருங்க. அதுலயும் திறப்பு விழாவுக்கு இல்ல, ஆறு மாசம் கழிச்சு, கக்கூஸ்ல தண்ணி வருதான்னு பார்க்க.

கே: நான் கான்ஸ்டபிள். பேரு போடாதீங்க. கடைக்காரங்க கம்ப்ளெயிண்ட் பண்றாங்க, கவுன்சிலர் போன் பண்றார், இன்ஸ்பெக்டர் போய் கிளியர் பண்ணுங்கறார். நானும் போய் எழுப்பறேன், அவங்க அடுத்த தெருவுக்குப் போறாங்க, அங்கேர்ந்து இன்னொரு போன். நாங்க என்ன சந்தோஷமாவா பண்றோம்? எல்லாருக்கும் திட்டறதுக்கு நாங்கதான் கெடச்சோமா?

ப: இந்த வாரம் வந்ததுலயே நேர்மையான கடிதம் உங்களோடதுதான் சார். உங்க வேலையே இது இல்ல, அதான் உண்மை. வீடில்லாம இருக்கறதுல பாதி வாடகைப் பிரச்சினை, மீதி மனநலம், குடி, குடும்பச் சண்டை, ஆஸ்பத்திரிலேர்ந்தோ ஜெயில்லேர்ந்தோ வெளில வந்து போக இடம் இல்லாதது. இதுல எதுக்கு லத்தி மருந்து? மத்த எல்லா ஆபீஸும் சாயங்காலம் பூட்டிட்டுப் போயிடுது, 24 மணி நேரமும் தொறந்திருக்கறது உங்க ஸ்டேஷன் மட்டும்தான், அதனால எல்லாம் உங்க தலையில.

சில ஊர்ல இதுக்கு மாத்து வழி பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல யூஜின்னு ஒரு ஊர்ல 1989-லேர்ந்து இந்த மாதிரி போன் வந்தா போலீஸுக்கு பதிலா ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு ஆலோசகரும் வேன்ல போவாங்க, ஆயுதம் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல ஓடிச்சு, கடைசில பணத் தட்டுப்பாட்டுல 2025 ஏப்ரல்ல அந்த ஊர்ல நின்னு போச்சு (நல்ல திட்டம்னா முதல்ல வெட்டறது அதைத்தானே). டென்வர்ல 2020-ல இதே மாதிரி ஆரம்பிச்சதை ஆராய்ச்சி பண்ணினவங்க, அந்தத் திட்டம் ஓடின ஏரியாவுல சின்னச் சின்னக் குற்றப் பதிவு 34 சதவீதம் குறைஞ்சதா 2022-ல எழுதினாங்க.

கவுன்சிலர் போன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுதான் ஆணிவேர். இந்தியாவுல சுப்ரீம் கோர்ட் 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல ஏழு உத்தரவு போட்டாங்க, கேஸ் போட்டவரே முன்னாள் போலீஸ் டிஜிபி. ஸ்டேஷன் பொறுப்பாளருக்குக் குறைஞ்சது ரெண்டு வருஷம் ஒரே இடம், டிரான்ஸ்பரை அரசியல்வாதி இல்லாம போலீஸ் அதிகாரிங்க போர்டு முடிவு பண்ணணும், போலீஸ் மேல புகார் விசாரிக்கத் தனி ஆணையம். அதை மாநிலங்க எழுத்துலயும் நிஜத்துலயும் முழுசா பண்ணியிருந்தா உங்க இன்ஸ்பெக்டர் அந்த போனை வேற மாதிரி எடுத்திருப்பார். ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கறேன். எழுப்பறது ஆர்டர், சரி. கால்ல எத்தி எழுப்பறது ஆர்டர் இல்லையே? அதை நீங்க பண்றதில்லன்னு நம்பறேன், பண்ற சக ஊழியரைக் கொஞ்சம் தடுத்துப் பாருங்க.

கே: ஒரு போலீஸ்காரர் தப்பு பண்ணினா டிபார்ட்மென்ட்டையே சந்தேகப்படறது நியாயமா?

ப: தப்பு நடந்த அடுத்த நாள் டிபார்ட்மென்ட் என்ன பேசுதுங்கறதை வச்சு முடிவு பண்ணலாம். கலிபோர்னியாவுல ஃபுல்லர்ட்டன்னு ஒரு ஊரு. 2011 ஜூலை 5 ராத்திரி, பஸ் நிலையத்துக்கிட்ட, மனச்சிதைவு நோய் இருந்த 37 வயசு வீடில்லாத மனுஷனைப் போலீஸ்காரங்க விசாரிக்க ஆரம்பிச்சு அடிச்ச அடியில அவர் அஞ்சு நாள்ல செத்துட்டார். அடி வாங்கறப்ப அப்பா அப்பான்னு கத்தினது ரெக்கார்டிங்ல இருக்கு. அவரோட அப்பா யாரு தெரியுமா, அவரும் ஷெரிஃப் டிபார்ட்மென்ட்ல (அதுவும் ஒரு வகை போலீஸ்தான்) இருந்து ஓய்வு பெற்ற ஆளு. ஆஸ்பத்திரில மகனோட முகத்தைப் படம் எடுத்து வெளியிட்டார், பார்த்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. முதல்ல போலீஸ் தரப்பு எங்க ஆளுங்களுக்கும் எலும்பு முறிஞ்சுதுன்னாங்க, அப்புறம் அது இல்லன்னு ஆச்சு.

இதுக்காகக் கோர்ட்ல விசாரணைக்கு நின்ன ரெண்டு அதிகாரிங்களும் 2014 ஜனவரில விடுதலை. ஆனா ஊர் ஜனங்க அதுவரைக்கும் சும்மா காத்துகிட்டிருக்கல. 2012 ஜூன்ல ஓட்டெடுப்பு வச்சு நகர மன்றத்துல அஞ்சு பேர்ல மூணு பேரைப் பதவியை விட்டு இறக்கிட்டாங்க, அதுல ஒருத்தர் அந்த ஊரு முன்னாள் போலீஸ் தலைவரே. வீடில்லாத ஒருத்தர் சாவுக்காகப் பதவி போன அரசியல்வாதிங்க உலகத்துல ரொம்பக் கம்மி, அதனாலதான் இதை இவ்வளவு விவரமா எழுதறேன்.

கே: இவங்களுக்குக் காசு குடுத்தா குடிச்சுடுவாங்க, வீடு குடுத்தா நாசம் பண்ணிடுவாங்க. உதவி பண்ணியே கெடுக்கறோம்னு தோணுது.

ப: தோணறது இருக்கட்டும், செஞ்சு பார்த்தவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம். கனடாவுல வான்கூவர்ல வீடில்லாத 50 பேருக்கு ஆளுக்கு 7,500 டாலர், எந்தக் கண்டிஷனும் இல்லாம கையில குடுத்துட்டாங்க. ஒரு வருஷம் கவனிச்சதுல, பணம் வாங்காதவங்களோட ஒப்பிட்டா குடி, போதைச் செலவு கூடல, தெருவுல கழிச்ச நாள் சராசரியா 99 நாள் குறைஞ்சது. 2023-ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு. கடுமையான போதைப் பழக்கம் இருந்தவங்களை அதுல சேர்க்கல, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நீங்களே அடுத்த வாரம் எழுதுவீங்க.

வீடு விஷயத்துல பின்லாந்து. 1980-கள் கடைசில அங்க 20,000 பேருக்குப் பக்கம் வீடில்லாம இருந்தாங்க. 2008-ல தேசியத் திட்டமா எடுத்து, குடியை விட்டாத்தான் வீடு, ஒழுங்கா இருந்தாத்தான் வீடுங்கற பழைய முறையைத் திருப்பிப் போட்டாங்க. முதல்ல வீடு, வாடகை ஒப்பந்தத்தோட, சாவி அவங்க கையில. மத்த வைத்தியம் எல்லாம் அப்புறம். பெரிய பெரிய ஷெல்டரை எல்லாம் சின்னச் சின்னக் குடியிருப்பா மாத்தினாங்க. 2022-ல எண்ணிக்கை 4,000-க்குக் கீழ. இதுல எனக்குப் பிடிச்சது, ஆட்சி மாறினாலும் அடுத்து வந்த கட்சி திட்டத்தைத் தூக்கிப் போடாம ரொம்ப வருஷம் நடத்தினது. 2024-ல பல வருஷத்துக்கப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கு, அதாவது கவனிக்கறதை விட்டா திரும்பவும் ஏறும். குடிச்சு வீட்டை நாசம் பண்றவங்க அங்கயும் இருப்பாங்க. சொந்த வீட்டுல இருந்துகிட்டு குடிக்கறவங்களை நாம ரோட்டுக்கு அனுப்பறோமா என்ன?

கே: தனியா இருக்கேன். எங்க பில்டிங் வாசல் படியில ஒருத்தர் ராத்திரி வந்து படுக்கறார், தனக்குத்தானே பேசிக்கறார். பயமா இருக்கு. போலீஸைக் கூப்பிட்டா நான் கல்நெஞ்சக்காரியா?

ப: இல்லவே இல்லம்மா. பயம் பயம்தான், அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேணாம். அவர் உங்களை மிரட்டினா, கையை ஓங்கினா உடனே போலீஸ்தான், ரெண்டாவது யோசனை வேணாம். ஆனா சும்மா படுத்துகிட்டுப் பேசிகிட்டு இருக்கார்னா முதல்ல பகல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தரைக் கூட்டிகிட்டு, தள்ளி நின்னு பேரைக் கேட்டுப் பாருங்க. பாதிப் பயம் பேரு தெரிஞ்சதும் போயிடும். அப்புறம் உங்க ஊர்ல ஷெல்டர் நடத்தறவங்க, மனநல உதவி எண் எது இருக்கோ அதுக்கு போன். அப்படியும் போலீஸைக் கூப்பிட வேண்டி வந்தா "விரட்டுங்க"ன்னு சொல்லாதீங்க, "உடம்பு சரியில்லாத ஒருத்தர் இருக்கார், ஆயுதம் எதுவும் இல்ல, டாக்டர் உதவி வேணும்"னு சொல்லுங்க. போன்ல சொல்ற அந்த ஒரு வரியை வச்சுத்தான் வர்ற ஆளு எந்த மனநிலைல ஜீப்பை விட்டு இறங்கறாருங்கறது இருக்கு.

கே: ரோட்டுல படுத்திருக்கறவரைப் போலீஸ் அடிக்கறதையோ சாமானை அள்ளிட்டுப் போறதையோ பார்த்தா நம்ம மாதிரி ஆளு என்ன பண்ண முடியும்? நமக்கெதுக்கு வம்புன்னு வந்துடறேன், அப்புறம் தூக்கம் வரல.

ப: குறுக்க பாய வேணாம், அதுல உங்களுக்கும் அடி, அவருக்கும் கூட ரெண்டு அடி. தள்ளி, ஆனா தெரியற மாதிரி நில்லுங்க. யாரோ பார்க்கறாங்கன்னு தெரிஞ்சாலே பல கை பாதியில நிக்கும். நேரம், இடம், வண்டி நம்பர், சட்டையில இருக்கற பேரு, இதை எழுதி வச்சுக்கோங்க. வீடியோ எடுக்க சட்டம் விடற ஊர்னா எடுங்க, ஆனா உடனே நெட்ல போட்டுடாதீங்க, அடி வாங்கினவர் முகம் ஊரெல்லாம் சுத்தும், அவர்கிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. புகார் ஆணையமோ வக்கீலோ கேக்கறப்ப குடுங்க.

எல்லாம் அடங்கினதும் அவர்கிட்ட போய் ஒண்ணே ஒண்ணு கேளுங்க, பை எங்கன்னு. நம்ம கண்ணுக்கு அது குப்பை மூட்டை. அவரோட அடையாள அட்டை, மாத்திரை, டாக்டர் சீட்டு, பழைய போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கும், அது போச்சுன்னா ஷெல்டர்லயும் சேர்க்க மாட்டாங்க, ஆஸ்பத்திரிலயும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். லாஸ் ஏஞ்சல்ஸ்ல வீடில்லாதவங்க இப்படிப் பறிகொடுத்த சாமானுக்காகவே கேஸ் போட்டு, ஆள் பக்கத்துல இல்லங்கறதுக்காக நகராட்சி அதை எடுத்து அழிக்கக் கூடாதுன்னு 2012-ல அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சாங்க. பை லாரில போயிருந்தா எந்த லாரி, எந்த டிப்போன்னு அன்னிக்கே விசாரிங்க, ஸ்டேஷனுக்குப் போயிருந்தா அவரையும் கூட்டிகிட்டுப் போய் ரெண்டு பேரா கேளுங்க. குப்பைக்கிடங்குக்குப் போயிட்டா திரும்ப வராது, அதனால மறுநாள் பார்த்துக்கலாம்னு மட்டும் விட்டுடாதீங்க.